கையெழுத்துக்கு மட்டும் சின்னப் பிள்ளையா?

வாசகர் கேள்வி, 11 டிசம்பர் 2025

ஆஸ்திரேலியாவில் நேற்றிலிருந்து 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் எதிலும் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. இங்கேயும் அதைக் கொண்டுவர வேண்டும். அதுவும் முதலில் எங்கள் வட சென்னைக்கு. பெற்றவர் சொல்வதுதான் சட்டம் என்றிருந்த காலத்தில் பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்கள். இப்போது பத்தாவது படிக்கிறவன் "என் லைஃப், என் இஷ்டம்" என்கிறான். போனைப் பிடுங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். மறுப்பவர் உண்டா?

11 டிசம்பர், இரவு 10.40

உண்டு. நான் மறுக்கிறேன்.

கொருக்குப்பேட்டையில் 14 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ், பாதி நேரம் விண்ணப்பம் நிரப்புகிற வேலை. நீங்கள் சொல்லும் அந்தப் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் தினமும் என் கடைக்கு வருகிறார்கள். எதற்கு? அம்மா பெயர் ரேஷன் கார்டில் தப்பாக இருக்கிறது, ஆயாவுக்கு முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது, அப்பாவின் பாஸ்புக்கும் ஆதாரும் ஒத்துப்போகவில்லை. வங்கியில் செலான் எழுதுவது அந்தப் பிள்ளை. கரண்ட் பில் கட்டுவது, கேஸ் புக் பண்ணுவது, ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் எழுதியதைப் படித்துச் சொல்வது எல்லாம் அந்தப் பிள்ளை. அப்பா கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு "இங்க போடுப்பா" என்று காட்டுவதும் அதே பிள்ளைதான்.

அந்தப் பிள்ளை தனக்கென்று ஒன்று கேட்டால் மட்டும், "நீ சின்னப் பையன், உனக்கு இன்னா தெரியும்" என்கிறோம். வீட்டுப் பாரத்தைச் சுமக்கும்போது பெரிய மனுஷன், தன் விஷயம் பேசும்போது சின்னப் பையன். எந்த வயது வரம்பு என்று பேசும் முன் இந்தக் கணக்கை நேர் செய்ய வேண்டும்.

12 டிசம்பர், காலை 6.50

கடை திறக்கும் முன் ஒன்று. நேற்று அவசரத்தில் விட்டுவிட்டேன்.

ஆஸ்திரேலியச் சட்டத்தில் பிள்ளைக்கும் தண்டனை கிடையாது, பெற்றவருக்கும் கிடையாது. 16 வயது ஆகாதவர்கள் கணக்கு வைக்காமல் தடுக்க நியாயமான முயற்சி எடுக்காத நிறுவனத்துக்குத்தான் அபராதம், 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும். அவர்கள் கட்டியிருப்பது கம்பெனியின் கையை. நீங்கள் கேட்பது பையன் கையிலிருந்து பிடுங்குவது. இரண்டும் ஒன்றில்லை.

வயது வரம்பில் இரண்டு மாதிரி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்று பெரியவர் கையைக் கட்டுவது. 14 ஆகாதவரை வேலைக்கு வைக்காதே, 18 ஆகாத பெண்ணைக் கட்டிக்கொடுக்காதே, பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் சிகரெட் விற்காதே. இன்னொன்று பிள்ளையின் காலைக் கட்டுவது. முதல் வகைக்கு என் முழு ஆதரவு. சண்டை இரண்டாவதோடுதான்.

13 டிசம்பர், இரவு

"உதாரணம் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இந்த வருடம் பிளஸ் டூ முடித்த ஒரு பெண். 17 வயது. அப்பா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போவது அவள்தான், அதனால் முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டும். குடும்பத்துப் பதிவு அப்பாவின் போன் நம்பரில் இருந்தது. விண்ணப்பம் போட ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கேட்டிருந்தால் அப்பா வீட்டிலேயே இருந்திருப்பார். மார்க் ஷீட், டி.சி. எல்லாம் சேர்த்துக்கொண்டு அவள் கடைக்கு வந்தபோது ஜூன் பாதி தாண்டி, படகு கடலுக்குப் போய்விட்டது. அங்கே டவர் கிடையாது. படகு திரும்பப் பத்து நாள் ஆகலாம்.

தினமும் காலையில் வந்து நிற்பாள். "அக்கா, இன்னொரு வாட்டி போட்டுப் பாருங்களேன்." போடுவேன். ஓ.டி.பி. கடலுக்குப் போகும். ஒன்பதாவது நாள் ராத்திரி படகு கரையை நெருங்கி டவர் கிடைத்ததும், அந்த ஒன்பது நாள் எண்களில் சில வரிசையாக வந்து விழுந்திருக்கின்றன. ஒன்றும் செல்லாது. விடிகாலை 3 மணிக்கு மீன்பிடித் துறைமுகத்துக்கே அம்மாவோடு போய், மீன் இறக்கிக்கொண்டிருந்த அப்பாவிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு, நான் ஷட்டரைத் தூக்கும்போது படியில் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றிய போன், அதன் மேல் மீன் செதில் ஒட்டியிருந்தது. துப்பட்டாவால் துடைத்துக் கொடுத்தாள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

அந்த விண்ணப்பத்தில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் அவள் சொல்லி நான் அடித்தது. அப்பாவுக்கு அதில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் அவர் போன் இல்லாமல் அவளால் ஒன்றும் ஆகவில்லை.

14 டிசம்பர்

"அது போன் நம்பர் பதிவில் வந்த சிக்கல், வயதுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்வி. பாதி ஒப்புக்கொள்கிறேன். 40 வயதுப் பெண்ணுக்கும் இது நடக்கும், நடக்கிறது, ஓ.டி.பி. புருஷன் நம்பருக்குப் போகும். மீதிப் பாதி வயதுதான். "உனக்குத் தனியா எதுக்கு நம்பர்" என்று 17 வயதுப் பெண்ணிடம்தான் சொல்வார்கள். 17 வயதுப் பையனுக்குக்கூட எப்படியோ ஒன்று வந்துவிடும்.

14 டிசம்பர், அப்புறம்

ஒரு திருத்தமும் சேர்த்துவிடுகிறேன். 18 ஆகாதவர் தனியாக வங்கிக் கணக்கை நடத்த முடியாது என்று நானே பல வருடம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். தப்பு. 10 வயது முடிந்தவர்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே திறந்து நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. எவ்வளவு தொகை வரை, என்ன நிபந்தனை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். ஆனால் கவுன்டரில் போய் நின்றால் "அப்பாவைக் கூட்டிட்டு வாம்மா" என்றுதான் திருப்பி அனுப்புகிறார்கள். காகிதம் கொடுத்த உரிமையை ஜன்னல் பிடித்து வைத்துக்கொள்கிறது.

16 டிசம்பர், இரவு 11

"அந்தக் காலத்தில் ஒழுங்காக இருந்தார்கள்" என்பதற்கு வருகிறேன். நான் பார்த்த அந்தக் காலத்தைச் சொல்கிறேன்.

பெரிய அண்ணன் 1970-இல் பிறந்தவர். 1989 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும், அவருக்கு ஓட்டு இல்லை. அந்த மார்ச் மாதக் கடைசியில் 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து வயது 18 ஆனது. நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல், அண்ணனுக்கு ஓட்டு வந்துவிட்டது. பத்து மாதத்தில் ஆள் மாறவில்லை, மீசைகூட அப்படியேதான் இருந்தது.

எங்கள் வீட்டில் ஓட்டு என்றால் அப்பா சொல்கிற சின்னம்தான். அம்மா, ஆயா, சித்தப்பா எல்லாருக்கும் முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடுவார். அந்த வருடம் அண்ணனுக்கும் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். அடுத்த நாள் விரலில் மையோடு திரும்பி வந்தவரை அப்பா வாசலிலேயே கேட்டார்: "எதுக்குடா குத்தின?"

அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "அது வெளில சொல்லக் கூடாதுப்பா" என்றார்.

எனக்கு அப்போது 9 வயது, அடி விழும் என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அடி விழவில்லை. அப்பா நான்கு நாள் அண்ணனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அண்ணன் வழக்கம்போலக் குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கி வந்து அப்பா குளிக்க எடுத்து வைத்தார். அவ்வளவுதான். அப்பா இறக்கும்வரை அண்ணன் எதற்குக் குத்தினார் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"என் இஷ்டம்" என்பது போன் வந்த பிறகு முளைத்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அண்ணன் அப்பாவை மதிக்காதவர் இல்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தன்னுடையதாக வைத்துக்கொண்டார்.

17 டிசம்பர்

ஆமாம், 1989-இல் வாக்குச்சீட்டுதான், முத்திரை குத்துவது. "குத்தின" என்றால் என்ன என்று கேட்டவருக்குப் பதில்.

19 டிசம்பர்

"பிள்ளைகள் வயதைப் பொய்யாகப் போட்டுக் கணக்கு தொடங்குகிறார்கள், இது ஏமாற்று இல்லையா" என்று இன்னொருவர். இன்ஸ்டாகிராமுக்கு 13 ஆகியிருக்க வேண்டும். 11 வயதுப் பையன் பிறந்த வருடம் 2000 என்று போடுகிறான். தப்புதான், சரி.

ஆனால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வயதைக் கூட்டித்தான் சொல்லியிருக்கிறோம். தாத்தா மில்லில் சேர்ந்தபோது அவருக்கு 11. 1881 தொழிற்சாலைச் சட்டத்தில் 7 வயது ஆனாலே வேலைக்கு வைக்கலாம், 1891-இல் அது 9 ஆனது, 1922-இல் 12. அதனால் தாத்தா 12 என்று சொன்னார். சொல்லச் சொன்னது அவருடைய அப்பா. வீட்டில் சோறு இல்லை.

எனக்கு வயதைக் கூட்டியது பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். 1985 ஜூன். அந்தக் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் சான்றிதழ் யார் வைத்திருந்தார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் 5 வயது. நான் கழுத்தைச் சாய்த்து எட்டித் தொட்டேன். சாய்க்கக் கூடாது, ஆனால் அவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். நான் ஐப்பசியில் பிறந்தவள். அவர் 5 வயது முடிகிற மாதிரி ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதினார். என் ஆதார், பான் கார்டு, கடை லைசென்ஸ் எல்லாவற்றிலும் இன்று வரை அந்தத் தேதிதான்.

பெரியவர்கள் தங்கள் வசதிக்கு வயதைத் திருத்தினால் அது குடும்ப நிலைமை. பிள்ளை திருத்தினால் ஏமாற்று. அந்தப் பையன் பொய் சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. அவனிடம் அது ஏன் தப்பு என்று உட்கார்ந்து பேசும் தகுதி நமக்கு இருக்கிறதா என்று கேட்கிறேன்.

20 டிசம்பர், விடிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். எழுதலாமா என்று யோசித்தே இவ்வளவு நேரம்.

அந்தப் பொய்த் தேதி என்னை ஒரு முறை முழுங்கப் பார்த்தது. 1998 ஜூனில் காகிதப்படி எனக்கு 18 ஆனது. அந்த வாரமே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவர், நல்ல இடம், ஆடி கழிந்து ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. நான் அப்போது டைப்ரைட்டிங் லோயர் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுதிவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. "வேண்டாம்" என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அழுதேன், சாப்பிடாமல் இருந்தேன். அப்பா, "பதினெட்டு ஆயிடுச்சி, சட்டமே ஒத்துக்கினாச்சி, அப்புறம் இன்னா" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ஆயா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஆயா, நான் எப்போ பொறந்தேன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். ஆயாவுக்கு வருடம் தெரியாது, தேதி தெரியாது. ஆனால் அந்த நாள் தெரியும். "ஐப்பசி மழை. தெருவெல்லாம் முட்டிக்கால் தண்ணி. மருத்துவச்சிய நான்தான் போய் கையப் புடிச்சி இட்டாந்தேன்." வெற்றிலையை மென்றுகொண்டே விரல் மடக்கி எண்ணினார். "இன்னும் ஐப்பசி வரலையே. பொண்ணுக்குப் பதினெட்டு இன்னும் ஆவல."

நான் சொன்னால் எதிர்த்துப் பேசுவது. ஆயா சொன்னால் அது சாட்சி. ஐப்பசி வரை தள்ளிப்போட்டார்கள். அந்த மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. ஆகஸ்டில் பரீட்சை எழுதினேன், பாஸ் ஆனேன், பாரிமுனையில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. கல்யாணம் 24 வயதில், என் சம்மதத்தோடு.

ஆக, வயது வரம்பே கூடாது என்று நான் சொன்னதாக யாராவது படித்திருந்தால், இல்லை. அந்த 18 என்ற எண் இல்லாவிட்டால் என்னிடம் பிடித்துக்கொள்ள ஒரு கயிறுகூட இருந்திருக்காது.

20 டிசம்பர், மதியம்

பெண்ணின் கல்யாண வயதை 21 ஆக்கினால் என்ன என்று கேட்டவருக்கு: 2021 டிசம்பரில் அதற்கு மசோதா கொண்டுவந்தார்கள், சட்டம் ஆகாமலேயே காலாவதியானது. எனக்கு அதில் இரண்டு மனது. என் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் "ஆக்கட்டும்" என்று தோன்றும். ஆனால் 19 வயதில் தானே ஒருவனைத் தேர்ந்தெடுத்து வந்து, சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேடி என் கடை வாசலில் நின்ற பெண்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தேடி வந்த அண்ணன், மாமன்களையும். வயதை 21 ஆக்கினால் முதலில் அந்தப் பெண்களைத் தேடிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகப்போவது அந்த மாமன்கள்தான்.

27 டிசம்பர்

ஒரு வாரம் எழுத முடியவில்லை, அரையாண்டுத் தேர்வு நேரம், கடையில் நெரிசல்.

12-ஆம் தேதி எழுதிய "இரண்டு மாதிரி" முழுசாக நிற்கவில்லை. என் தம்பி மகன் விஷயம். 16 வயதில் அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு ராத்திரி 9 மணிக்குத் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் வந்தான். அந்தச் சாலையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கம் முழுக்க வரிசை கட்டி நிற்கும், ஓரமெல்லாம் மணல். சறுக்கிவிட்டான். அவனுக்கு இடது காலில் கம்பி வைத்தார்கள். அவனோடு சேர்ந்து, சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவரும் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர், இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. தம்பி அவர் வீட்டுக்குப் போய்ப் பணம் கொடுத்தபோது நானும் கூடப் போனேன். வீட்டில் ஆறு பேர். அவர் அந்தப் பையனைத் திட்டக்கூட இல்லை, "கால் எப்படிம்மா இருக்கு" என்றுதான் கேட்டார். எனக்கு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

16 வயதில் கியர் இல்லாத 50 சிசி வண்டி ஓட்டலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஷோரூமில் நிற்கும் பெட்ரோல் வண்டிகள் எல்லாம் அதைவிடப் பெரியவை. ஆகவே அந்த அனுமதி பெயருக்குத்தான். முன்பெல்லாம் இதைச் சொல்லி நான் கோபப்படுவேன். இப்போது இல்லை. 2019 திருத்தத்தின்படி 18 ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கடுமைதான். ஆனால் அந்தப் பெரியவரின் தோளை நினைத்தால் எனக்கு அதை எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

அதனால் இப்படி மாற்றிக்கொள்கிறேன்: அடுத்தவர் உயிர் அதில் இருந்தால் பிள்ளையின் காலையும் கட்டலாம். அந்தப் பிள்ளையின் வாழ்க்கை மட்டும்தான் அதில் இருக்கிறது என்றால் கட்டும் முன் அந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டும்.

28 டிசம்பர்

"வட சென்னைக்கு முதலில்" என்று எழுதினீர்களே, அதுதான் முதல் நாளிலிருந்து உறுத்துகிறது. ஏன் எங்களுக்கு முதலில்? பாக்ஸிங் பயிற்சி முடித்து ராத்திரி நடந்து வருகிற 16 வயதுப் பையனைப் போலீஸ்காரர்கள் நிறுத்தி, "எந்த ஏரியா?" என்று கேட்டு, போனில் படம் பிடித்துவிட்டு அனுப்புகிறார்கள். இது என் கடைக்கு வரும் பையன்கள் ஒருவர் இல்லை, பலர் சொன்னது. 2015 சிறார் நீதிச் சட்டப்படி, கொடிய குற்றம் என்றால் 16 முடிந்தவனின் மனநிலையை வாரியம் ஆராய்ந்து, பெரியவனைப் போல விசாரிக்க அனுப்பலாம். தண்டிக்கும்போது 16-இல் அவனுக்குப் புத்தி இருக்கலாம் என்கிறோம். சொந்தப் பெயரில் ஒரு சிம் கார்டு வாங்க 18 வரை புத்தி இல்லை என்கிறோம்.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா எங்கள் புதுவண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநர் மகள். அப்போது அவருக்கு 17. வட சென்னைப் பிள்ளைகள் என்றதும் உங்களுக்கு இவரும் ஞாபகத்துக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

4 ஜனவரி 2026

"சரி, நம்பினால் கெட்டுப்போக மாட்டார்களா?" சிலர் கெட்டுப்போவார்கள். நம்பாமல் வைத்திருந்தும் கெட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள்.

நான் பார்த்த ஒன்று. புதுமைப்பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5-இல் இங்கே பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு மேலே படிக்கிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், அவர்கள் கணக்கிலேயே. அப்பா கணக்கில் இல்லை. முதல் மாதம் பணம் ஏறியதும் பாஸ்புக்கைப் பிரிண்ட் போட்டு எடுத்து வந்து, அந்த ஒரு வரியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கேட்ட பெண் உண்டு. "எதுக்குமா?" என்றேன். "சும்மாக்கா, வச்சிக்கதான்" என்றாள். அந்தப் பணத்தில் என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்டவரை, பஸ் செலவு, ஸ்பைரல் நோட்டு, வீட்டுக்குக் கொஞ்சம், தம்பிக்கு ஷூ. இரண்டு பேர் புதுப் போனுக்குத் தவணை கட்டினார்கள். கட்டட்டும்.

5 ஜனவரி

தவணை கட்டியது பற்றி மூன்று பேர் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்கு ஷூ வாங்கியது பற்றி ஒருவரும் எழுதவில்லை.

18 ஜனவரி

பொங்கல் கழித்துக் கடை திறந்துவிட்டேன். வாக்காளர் பட்டியல் வேலையால் ஒரே கூட்டம். 17 முடிந்தாலே முன்கூட்டிப் படிவம் 6 கொடுத்து வைக்கலாம், 18 ஆனதும் அடுத்த காலாண்டில் பெயர் ஏறும், 2022-இலிருந்து இப்படி. இது பலருக்குத் தெரியவில்லை, தெரிந்த பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நேற்று அந்த ஓ.டி.பி. பெண் வந்தாள். 18 முடிந்துவிட்டது, கல்லூரி இரண்டாவது செமஸ்டர். இந்த முறை அவளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டாள், நான் பக்கத்தில் ஸ்டூலில். செல்பேசி எண் கட்டத்தில் தன் எண்ணை அடித்தாள். கையில் இருந்த போன் அதிர்ந்தது. ஆறு எண்ணையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போட்டாள். அப்பா அன்றைக்கும் கடலில்தான்.

கீழே உறவினர் பெயர் என்று வந்ததும் நிறுத்தினாள்.

"அக்கா, இதுல அம்மா பேரு போடலாமா?"

"போடலாம்மா."

அம்மா பெயரை அடித்துவிட்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தாள்.